மாசிலாமணியின் கையெழுத்து

ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீரையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டன. டயாலிசிஸை இனி உடம்பு தாங்காது. ஆலங்கரையில் நாற்பது வருஷம் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மனிதர். எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் எப்போது நனையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்கு நாலு டம்ளர்.

ஐப்பசி. வெளியே மழை விட்டுவிட்டுக் கொட்டியது. தொகுப்பு வீட்டின் ஒற்றை ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் பின்னால் பின்னால் நகர்ந்தார்கள். வாய்க்கால் கரை தளும்பி ஓடியது. கட்டிலில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு வீரையன் அதையே பார்த்திருந்தார்.

"பாப்பா, இது எத்தினியாவது?"

"மூணாவதுப்பா," என்றாள் குந்தவை.

"காலையில ஒண்ணு. மாத்திரைக்கு ஒண்ணு. அப்ப மூணுதான்." நாக்கை நனைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தார். "பெரிய மடையத் தொறந்துவுட்டா ஒரு வெத்தல போடுறதுக்குள்ள ரெண்டு மா நெலம் பாஞ்சிரும். எனக்கு ஒரு டம்ளரு பாய மாட்டேங்குது பாரு."

"பேசாம படுங்க. கஞ்சி கொண்டாரேன்."

"உப்பில்லாத கஞ்சிய மாடு குடிக்குமா? வயநண்டப் புடிச்சி ஒரு ரசம் வையி."

"நண்டு தின்னா நாளைக்கே செத்துருவீங்க."

"நாளான்னைக்கி சாவறவன் நாளைக்கிச் செத்தா என்ன? பஞ்சாயத்துல கேஸா போடப் போறான்?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியதும், ஒரு வாரமாகக் கேட்பதையே கேட்டார். "ஐயரப் பாத்தியா? உங்கம்மா பக்கத்துல எடம் கெடக்கு பாப்பா. நாந்தான அளந்து வுட்டேன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நாற்றுப் பறிக்கும்போது கட்டுவிரியன் கடித்து ராமாயி செத்துப்போனாள். வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குக் குழி வெட்டியது வீரையன்தான். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. வெட்டி முடித்து, மண்வெட்டிக் காம்பால் பக்கத்தில் தன் அளவுக்கு ஓர் இடத்தை அளந்து நான்கு மூலையிலும் செங்கல் பதித்துவிட்டு வந்தார்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் இரண்டு பேர். ரேஷன் கார்டுக்கு ஒன்று, கோயில் புத்தகத்துக்கு ஒன்று. வீரையன் கோயிலில் மாசிலாமணி. ராமாயி ரூத். மகன் இளவழகன் தானியேல். குந்தவை எஸ்தர். இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததால் டீக்கடையில் தனி கிளாஸ் போய்விடவில்லை. பண்ணைக்காரர்கள் கூப்பிடும் குரல் மாறிவிடவில்லை. சர்க்கார் மட்டும்தான், ஞானஸ்நானம் வாங்கியவன் தலையிலிருந்து சாதி இறங்கிவிட்டது என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் சான்று இந்துவுக்கு உண்டு, கிறிஸ்தவனுக்குக் கிடையாது. அதனால் இரண்டு பேர்.

குந்தவை பிளஸ் டூ முடித்துச் சான்றுக்கு எழுதிப் போட்டபோது வருவாய் ஆய்வாளர் தெருவுக்கு விசாரிக்க வந்தார். "ஞாயித்துக்கெழம எங்க போவ?" என்று கேட்டார். "வயலுக்குங்க," என்றார் வீரையன். சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உண்மையாகவே வயலுக்குப் போனார். கோயில் ஒலிபெருக்கியில் கீர்த்தனை கேட்கும் தூரத்தில், வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். பத்து வருஷம். மூன்றாவது வருஷமே சபைப் பட்டியலில் அவர் வீட்டுப் பேர்களை அடித்துவிட்டார்கள். அவர்கள் ஞானஸ்நானம் எழுதிய கோயில் புத்தகங்களோ அதற்கு அடுத்த வருஷப் புயலில் ஊறிக் கூழாகிப்போயிருந்தன.

குந்தவை கணக்கில் பட்டம் வாங்கினாள். பரீட்சை எழுதிக் கும்பகோணத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனாள். இந்த ஆவணியில் அவள் மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. 'மேற்படியார் பரம்பரைக் கிறிஸ்தவர்.' சான்றின் மெய்த்தன்மையை விசாரிக்கக் கமிட்டிக்கு அனுப்பியிருந்தார்கள்.

*

போதகரை அந்தச் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரவிந்தன் ஐயர் இளம் வயது, மெதுவான குரல். அவர் அறையில் சபைச் செயலாளர் நெடுஞ்செழியனும் இருந்தார். வீரையனோடு சேர்ந்து நாற்றுக்கட்டுத் தூக்கியவர்தான். இப்போது வெள்ளைச் சட்டை.

"கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லம்மா," என்றார் நெடுஞ்செழியன். "சபையில இருக்குறவங்களுக்கே நெருக்கடியா இருக்கு. பேர் இல்லாதவங்களுக்கு எப்புடி?"

"எடம் இருக்கு. எங்கப்பா செங்கல் வச்ச எடம்."

"செங்கல் வச்சவனுக்கெல்லாம் எடம்னா ஊரே எனக்குத்தான்."

ஐயர் குறுக்கிட்டார். "ஒரு வழி இருக்கும்மா. இந்த ஊர்ல மொதல்ல வேதத்துக்கு வந்தது ஏழு குடும்பம். ஏழு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு வரிசைன்னு அந்தக் காலத்துலயே எழுதிக் குடுத்துருக்காங்க. அந்த வாரிசுக்கு எடம் இல்லன்னு எந்தக் கமிட்டியும் சொல்ல முடியாது. பழைய புத்தகமெல்லாம் தஞ்சாவூர்ல இருக்கு. உங்க முப்பாட்டன் பேரு அதுல இருந்தா, நகல் வாங்கிட்டு வந்தா போதும். நாங்க இந்தப் பரம்பரைன்னு வாரிசு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக் குடுத்தா அது எங்க போகும்?"

"இங்க ஒண்ணு. பிஷப் ஆபீசுக்கு ஒண்ணு."

"விசாரணைக்கு வந்தா காட்டுவீங்களா?"

ஐயர் மேஜை விரிப்பைச் சரிசெய்தார். "இப்ப நீங்க எங்க புத்தகத்துல இல்லம்மா. யாரும் கேட்டா இல்லன்னு சொல்லுவேன். அது பொய் இல்ல. எழுத்து வந்துட்டா அத மறைக்க மாட்டேன். என்னால முடியாது."

"ரெண்டுல ஒண்ண எடும்மா," என்றார் நெடுஞ்செழியன். "ஆண்டவரும் வேணும், அரசாங்கமும் வேணும்னா எப்புடி?"

"உங்க பையன் இன்ஜினியரிங் சேந்தப்ப எந்தச் சான்றக் குடுத்தீங்க சித்தப்பா?"

அவர் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. "எம் பையன் மேல பெட்டிஷன் வரலியே."

*

இளவழகன் நாற்றங்காலில் நின்றான். பறித்த நாற்றைக் காலில் அடித்து மண் உதறி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன், தங்கை சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"இதுக்கு எதுக்கு யோசன? நான் எழுதிக் குடுக்குறேன். நான் எட்டாவது பெயிலு. எஞ் சர்டிபிகேட்ட வச்சி எவன் என்ன புடுங்கப் போறான்?"

"நீ எழுதுனாலும் நான் எழுதுனாலும் அப்பா ஒருத்தருதான. அப்பா பரம்பரைக் கிறிஸ்தவர்னு எழுத்துல வந்தா எனக்குப் போகும். கனிமொழிக்கும் போகும்ணே."

கனிமொழி அவன் மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அத்தையின் பழைய கணக்கு நோட்டுகளை வைத்துக்கொண்டு அதே கோணல் எழுத்தில் போட்டுப் பார்ப்பவள்.

இளவழகன் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான். "ஒனக்காவதான் அந்தாளு பத்து வருசம் கோயில் வாசப்படிய மிதிக்கல. நீ பட்டம் வாங்குனப்ப ஊருக்கே மிட்டாய் குடுத்தாரு. கேட்டது என்ன? ஆறடி. அம்மா பக்கத்துல ஆறடி. அதயும் தர மாட்டன்னா சொல்லிரு, நான் அவருகிட்ட சொல்லிக்கிறேன்."

"நான் தர மாட்டேன்னு சொன்னனா?"

"அப்ப போயிப் பாரு. படிச்ச புள்ளதான நீ. போயிப் படி."

*

மறுநாள் லீவு சொல்ல அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கூட வேலை செய்யும் நூர்ஜஹான் எடுத்தாள். அதிராம்பட்டினத்துக்காரி, எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

"கமிட்டி லெட்டர் வந்துருக்குடி. கார்த்திகையில விசாரண. நீ எங்க போற?"

"தஞ்சாவூருக்கு. எங்க தாத்தனத் தேட."

"கெடச்சா?"

"அப்பாவுக்கு எடம்."

"ஒனக்கு?"

பஸ் வந்துவிட்டது. பாபநாசம் தாண்டும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். வேலை போனால் போகட்டும். டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். கனிமொழிக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு அந்த ஆறடியைக் கொடுத்துவிட வேண்டும். முடிவு செய்ததும் பசித்தது. தஞ்சாவூரில் இறங்கி இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போனாள்.

சபையின் பழைய கோயில் பின்கட்டில் பதிவறை. நாப்தலின் வாடை. புத்தகங்களைக் காப்பவர் நல்லக்கண்ணு, அறுபது வயது, கண்ணாடிக்கு நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"எச்சி தொட்டுப் பொரட்டாதீங்க. பேனா வெளிய எடுக்காதீங்க. போட்டோ எடுக்கக் கூடாது," என்றார். "வெள்ளக்காரன் வந்தா தாத்தன் கல்லறயத் தேடுவான். நம்மாளு வந்தா கல்யாணச் சர்டிபிகேட்டத் தேடுவான். நீங்க எதத் தேடுறீங்க?"

"தாத்தனத்தான்."

"அட. எந்த ஊரு?"

"ஆலங்கரை."

கண்ணாடி வழியாக ஒரு தரம் பார்த்தார். மூன்று புத்தகங்களைத் தூக்கிவந்து துணி விரித்து வைத்தார்.

வீரையனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு வரிசை தெரியும். சின்ன வயதில் குந்தவையைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கும்போது சொல்லிக்கொண்டே போவார். மாசிலாமணி மகன் சாலமோன், சாலமோன் மகன் தேவசகாயம், தேவசகாயம் மகன் பாக்கியநாதன், பாக்கியநாதன் மகன் ஞானமுத்து, ஞானமுத்து மகன் நான். பள்ளியில் ராஜாக்கள் வரிசையை மனப்பாடம் செய்தபோது இது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. நமக்கு என்ன பரம்பரை, சும்மா கட்டி விடுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

புள்ளி வைக்காத பழைய எழுத்து. நெடிலும் குறிலும் ஒன்றுபோலக் கிடந்தன. ஒரு மணி நேரத்தில் கண் பழகியது. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று, ஆனி மாதம். ஊர் ஆலங்கரை. வயது சுமார் இருபது. தொழில் பண்ணையாள். முன்பேர் வீரையன். இட்டபேர் மாசிலாமணி.

சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. மற்ற கட்டங்களில் எழுத்து நடுங்கியிருந்தாலும் அந்தக் கட்டத்தில் மட்டும் பேனா தயங்காமல் ஓடியிருந்தது. பெயரை மாற்றியவர்கள் அதை மாற்றவில்லை. பிறகு சர்க்காரா நம்பப்போகிறது, சாதி போய்விட்டதென்று? நம்பியிருக்கிறதே.

கல்யாணப் புத்தகத்தில் முப்பத்துநாலாம் வருஷம் மறுபடி மாசிலாமணி வந்தார். மணமகள் பேருக்கு எதிரே எழுதத் தெரியாதவர் போடும் கீறல், ஒரு பெருக்கல் குறி. மணமகன் பேருக்கு எதிரே கையெழுத்து.

குந்தவை விரலை எடுத்துவிட்டுக் குனிந்தாள். கீறல் இல்லை. பாதிரியார் எழுதியதும் இல்லை, மை வேறு, கை வேறு. மாசிலாமணி. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதி, கடைசி எழுத்தின் கொக்கியை அடக்க முடியாமல், அது மேலே ஏறி அடுத்தவன் கட்டத்துக்குள் போய் நின்றிருந்தது.

குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெற்றதில்லை என்று தாசில்தாரிடம் எழுதி வாங்கிக் கல்லூரியில் கொடுத்தவள் அவள். படிவத்தில் அப்பா கைநாட்டு வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவள். தன் குலத்தில் முதல் முதலாக எழுத்தைத் தொட்டது தன் தலைமுறைதான் என்று பத்து வருஷமாகக் கோபத்தோடும் கர்வத்தோடும் சொல்லித் திரிந்தவள். இங்கே ஒருவர் நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக் கட்டத்துக்கு வெளியே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

சாலமோன் அறுபத்தொன்றில் தன் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பனைவிடச் சீரான எழுத்து. அறுபத்தெட்டில் மகன் தேவசகாயம் பிறந்திருக்கிறான். பிறகு அடக்கப் புத்தகம். எழுபத்தேழு, பஞ்ச வருஷம். சாலமோன், வாந்திபேதி. நான்கு நாள் கழித்து அவர் மனைவி, வாந்திபேதி. ஒன்பது வயதில் ஒரு பையன் மிச்சம். ஒன்பது வயதுப் பையன் எங்கே போயிருப்பான் என்று டெல்டாவில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவன் எந்தப் பண்ணையில் மாடு ஓட்டினான் என்பது மட்டும்தான் தெரியாது.

எண்பத்தொன்பது. தேவசகாயம் கல்யாணம். பேருக்கு எதிரே இரண்டு கோடு குறுக்கும் நெடுக்குமாக. பக்கத்தில் பாதிரியார் கையில்: 'தேவசகாயம் கீறல்.'

பாக்கியநாதன் கீறல். ஞானமுத்து கைநாட்டு. அதற்குப் பிறகு அவள் அப்பா.

அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேனா கைமாறாமல் நின்றுபோக ஒரே ஒரு வாரம் போதுமாக இருந்திருக்கிறது. அதை மறுபடி பிடிக்க நூற்றிருபது வருஷம் ஆகியிருக்கிறது. கனிமொழியின் கோணல் எழுத்து ஞாபகம் வந்தது. பஸ்ஸில் எடுத்த முடிவு கையில் இருந்து நழுவுவது அவளுக்கே தெரிந்தது.

நல்லக்கண்ணு எதிரே வந்து நின்றார். "கெடச்சுதா பாப்பா?"

கண்ணீர் துணியில் விழுந்தது. புத்தகத்தில் விழாமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நகல் வேணும்னா ஒரு மனு எழுதணும்," என்றார். பிறகு மெதுவாக, "வேணாம்னாலும் இந்த நோட்டுல எழுதிட்டுப் போவணும். அது ரூல்சு," என்று வருகைப் பதிவேட்டை நகர்த்தினார். பேர், ஊர், தேடியது, கிடைத்ததா, கையெழுத்து. ஐந்து கட்டம்.

கிடைத்ததா என்ற கட்டத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதினாள்.

நல்லக்கண்ணு திறந்து கிடந்த புத்தகத்தையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி நூலில் தொங்கவிட்டார். "எம் பொண்ணு நர்சு வேல பாக்குறா," என்றார். "சர்டிபிகேட்டுல அவ பேரு வேற." புத்தகத்தை மூடித் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

*

வீட்டுக்கு வந்தபோது மழை வெறித்திருந்தது. இளவழகன் வாசலிலேயே நின்றான். "என்னா?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஒரு எழுத்துகூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

வீரையன் விழித்திருந்தார். "இருந்துச்சா பாப்பா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"எல்லாப் பக்கமும் பாத்தேன்ப்பா. நம்ம பேரு இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "எங்கப்பாரு சொல்லும். மாசிலாமணி தாத்தா அவரு கல்யாணத்துல அவரே பேனா புடிச்சிக் கையெழுத்துப் போட்டாராம். கடேசி எழுத்து கொக்கி போட்டு மேல ஏறி அடுத்தவன் எடத்துக்குள்ள போயிருச்சாம். பாதிரியாரு, ஏண்டா ஒன் வரப்புக்குள்ள நிக்க மாட்டியான்னு வஞ்சாராம். எங்கப்பாரு அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்." மகள் முகத்தைத் தேடினார். "அதுவும் இல்லியா?"

குந்தவை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கதையா இருக்கும்ப்பா."

"கதையாத்தான் இருக்கும்," என்றார் வீரையன். அவளைத் தேற்றுகிற குரலில் சொன்னார். "நம்மாளு கையில பேனாவ யாரு குடுத்தா?"

அவள் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் குடித்தார். இன்னொன்று கொண்டுவந்தாள்.

"இது எத்தினியாவது?"

"எண்ணலப்பா. குடிங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, மடை திறந்தாற்போலக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சாயங்காலம் வயலில் நண்டு பிடித்து வந்து, உப்புப் போட்டு ரசம் வைத்தாள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அவர் போய்ச் சேர்ந்தார். வாய்க்கால் கரைச் சுடுகாட்டின் ஓரத்தில் இளவழகன் குழி வெட்டினான். எரிக்க மாட்டேன் என்றான், யாரும் தடுக்கவில்லை. ஊற்றெடுத்துக் குழிக்குள் தண்ணீர் சுரந்தது. வாளியால் இறைத்து இறைத்து வெட்டினான். இறைக்க இறைக்க ஏறியது. கடைசியில் தண்ணீரோடுதான் இறக்கினார்கள். ஜெபம் சொல்ல யாரும் இல்லை. தூரத்தில் ரோட்டில் அரவிந்தன் ஐயர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார் என்று பிற்பாடு சொன்னார்கள். இளவழகன் அன்றிலிருந்து தங்கையோடு பேசவில்லை.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். மற்றவர்கள் பூவும் மெழுகுவத்தியுமாக உள்ளே போனார்கள். அவள் மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்று அம்மாவின் சிலுவையைப் பார்த்தாள். பக்கத்தில் நான்கு செங்கலுக்கு நடுவே கோரை முளைத்திருந்தது.

தையில் அறுப்பு நடக்கும்போது கமிட்டியின் உத்தரவு வந்தது. நூர்ஜஹான்தான் உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தாள். மேற்படியாரின் சாதிச் சான்று மெய்யானது. அவருடைய முன்னோர் எவரும் கிறிஸ்தவ மதத்தைச் சார்ந்தவர் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

"தப்பிச்சடி," என்று சொல்லி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

தபால் எழுத்தர் ரிஜிஸ்தரை நீட்டினார். பெற்றுக்கொண்டதற்கு அந்தக் கட்டத்துக்குள் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டாள்.